மிளகு உட்காரும் சீட்

மார்ச் 4

மிளகு இப்போது இருக்கும் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் வரியிலேயே அன்புள்ள அக்கா என்று போட்டிருக்கிறாய். அப்படிப் போடாதே. அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒருத்திதான் இருந்தாள், என் அக்கா. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து வரவில்லை. அப்போது மிளகுக்கு ஐந்து மாதம். அதிலிருந்து இரண்டு வருஷம் அவள் என் இடுப்பில்தான் இருந்தாள். நீ அத்தானைக் கட்டிக்கொண்டு வந்ததும் இறக்கி வாங்கிக்கொண்டாய்.

போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுகிறேன் என்று குறைப்பட்டாயாம். வைக்கத்தான் செய்வேன். உன் குரலுக்குப் பின்னால் பிள்ளை சிரிக்கிற சத்தம் வருகிறது. கடிதத்தில் சத்தம் இல்லை, எழுது. நான் ஐந்தாவதோடு நின்றவள். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள்.

அத்தானுக்குக் கம்பெனியில் கார் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் மிளகைக் கூட்டி வந்து இரண்டு நாள் விடுகிறோம் என்கிறாய். பஸ் அவளுக்கு ஆகாது, போகும்போதே வழி முழுக்க வாந்தி எடுத்தாள், எனக்குத் தெரியும். அதனால் என்னிடம் இருக்கும் குழந்தை சீட்டை அனுப்பு என்கிறாய். அனுப்பு என்றால் அனுப்பிவிட்டுப் போகிறேன். அதோடு நிற்காமல் போலீஸ்காரி மாதிரி எத்தனை கேள்வி.

சீட்டு யாருடையது? எங்கள் மாடியில் இருந்த தையல்காரம்மாவுடையது. அவள் மகன் வளர்ந்துவிட்டான், எடுத்துக்கொள் என்றாள். அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு அதை ஒரு பக்கம் பிடித்தாள், நான் மறுபக்கம். படியில் நான் அவசரப்பட்டதற்கு, "மெதுவாடி, உள்ள ஆள் இருக்கு" என்றாள். சீட்டுக்கு உள்ளே என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கார் எங்கேயாவது மோதியதா? மோதவில்லை. தையல்காரம்மாவின் புருஷன் அந்தக் காரை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். தேதி என்ன? கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. நீ மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதை எடுத்தாலும் அடியில் தேதி தேடுவாய். நல்லவேளை, பிள்ளையைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய். விரிசல் இருக்கிறதா? இல்லை. பக்கிள் மாட்டினால் டக்கென்று சத்தம் வருகிறது.

துணியும் பெல்ட்டும் சுத்தமாக இருக்குமா என்று கடைசியாகக் கேட்டாய். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் சலவைக் கூடத்துக்காரி. ஆஸ்பத்திரி விரிப்பில் எந்த ஊர் ரத்தம் இருந்தாலும் வெள்ளையாக்கித் திருப்பிக் கொடுப்பவள். என்னிடம் சுத்தம் கேட்கிறாய்.

முடியை வெட்டிவிட்டாயாமே. யாரைக் கேட்டாய்?

மிளகின் சித்தி


மார்ச் 9

வணக்கம்.

எப்படி அழைப்பது என்று தெரியாததால் வெறும் வணக்கம் போட்டிருக்கிறேன். தப்பாக எடுக்க வேண்டாம்.

முடியை ஆசைப்பட்டு வெட்டவில்லை. அவர் காரில் வைத்திருந்த சூயிங்கத்தை எடுத்து மென்று, தலையில் ஒட்டிக்கொண்டாள். எண்ணெய் போட்டுப் பார்த்தேன், ஐஸ் வைத்துப் பார்த்தேன். கடைசியில் கத்தரிதான். ஒரு பக்கம் மட்டும் குட்டையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று மறுபக்கமும் வெட்டினேன். வெட்டிய முடியைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

கேள்வி கேட்டது உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. பழைய சீட்டு வாங்கினால் இவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்று படித்தேன். நீங்கள் சொன்ன பதில் எல்லாம் சரியாக இருக்கிறது. அனுப்புங்கள். துணியில் கறை இருந்தாலும் பரவாயில்லை.

மிளகு என்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று அவரிடம் கேட்டீர்களாம். சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார். முறைப்படி நானும் சித்திதானே. மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். என்னை "ஏய்" என்கிறாள். கடைக்கு வந்தவர்கள் முன்னால் கூட "ஏய், தண்ணி" என்றாள். பழகிவிட்டது.

மிளகு வீட்டிலிருந்து


மார்ச் 14

சீட்டை இன்று பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிரைவர் தெரிந்தவர், உன் கடைக்கு எதிரிலேயே இறக்கிவிடுவார். மூன்று சுற்று பாலித்தீன் போட்டிருக்கிறேன். பிரித்துப் பார், கண் கூசும்.

கறை இருந்தாலும் பரவாயில்லையாம். உன் பரவாயில்லை எனக்கு வேண்டாம். எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், நீயும் கற்றுக்கொள். துணியை உருவினேன். பெல்ட்டை அடியில் இருக்கும் வளையத்திலிருந்து கழற்றினேன். அதன் நிறமே சாம்பல் என்றுதான் அக்காவும் நானும் நினைத்திருந்தோம். கொதிக்கிற தண்ணீரில் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டேன். ஆஸ்பத்திரி விரிப்புக்குப் போடுகிற அளவு, அதற்கு மேல் உனக்காக ஒரு கை. காலையில் ஊறவைத்தேன். வேலை முடிந்து எடுத்தபோது தண்ணீர் டீ மாதிரி இருந்தது. பெல்ட் சுருண்டு கிடந்தது. பெரிய இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடேற்றி அழுத்தித் தேய்த்தேன். கத்தி மாதிரி நிமிர்ந்தது. மேலே ஒரு மினுமினுப்பும் வந்தது. புதுச் சீட்டுக்கு அந்த மினுக்கம் இருக்காது.

துணியில் தலைப் பக்கம் ஒரு வட்டக் கறை இருந்தது. அக்கா பால் கொடுத்துவிட்டு மிளகைப் படுக்க வைத்தபோது சிந்தியது. இரண்டு வருஷமாக அதில் மட்டும் நான் சோப்புப் படவிட்டதில்லை. அதையும் எடுத்துவிட்டேன். நீ முகம் சுளித்துவிடக் கூடாது பார்.

இருபத்தொன்பதாம் தேதி வருகிறாள்தானே? முட்டையில் மஞ்சளை ஒதுக்கிவிடுவாள். உனக்குத் தெரியுமா தெரியாதா?

மிளகின் சித்தி


மார்ச் 19

வணக்கம்.

சீட்டு வந்தது. இந்தக் கடிதத்தை இரண்டு தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

இதில் மிளகை உட்கார வைக்க முடியாது.

துணியை மாட்டும்போது சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். பெல்ட்டில் வெளுக்கும் மருந்து படக் கூடாது, சூடு காட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று போட்டிருக்கிறது. மீறினால் நூலின் பலம் போய்விடுமாம். பார்வைக்குத் தெரியாதாம். கார் எதிலாவது மோதினால் அந்த நேரத்தில்தான் தெரியுமாம். பெல்ட்டை மடக்கிப் பார்த்தேன். அட்டை மாதிரி மடங்குகிறது.

கம்பெனிக்குப் போன் செய்து பெல்ட் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். இந்த மாடல் நின்றுபோய்விட்டது, கிடைக்காது என்கிறார்கள். புதுச் சீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வர அடுத்த மாதக் கடைசி ஆகும். அதுவரை பயணத்தைத் தள்ளிவைக்கலாம்.

சுத்தமாக இருக்குமா என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் அதைத் தொட்டிருக்கமாட்டீர்கள். அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கறையையும்.

நீங்கள் இங்கே வரலாமே. எப்போது வேண்டுமானாலும். உங்களுக்கு பஸ் ஒத்துக்கொள்ளும்தானே?

மிளகு வீட்டிலிருந்து


மார்ச் 22

நன்றாக இருக்கிறது நியாயம். அழுக்குச் சீட்டில் பிள்ளை உட்காரலாம், வெளுத்த சீட்டில் உட்காரக் கூடாது. இதை எந்தக் கோர்ட்டில் படித்தாய்?

ஒட்டியிருக்கிற தாளில் ஆயிரம் போடுவான். எங்கள் கூடத்துச் சோப்பு மூட்டையில் கூடத்தான் கையுறை இல்லாமல் தொடாதே என்று போட்டிருக்கிறது. நான் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கை கழன்று விழவில்லை. உனக்கு வேண்டியது தாள் இல்லை, சாக்கு. பிள்ளை இங்கே வந்தால் திரும்பி வரமாட்டேன் என்று அழுவாள். அது உனக்குப் பயம். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் பெல்ட்டைப் பிடித்துத் தொங்குகிறாய்.

பழசு ஆகாதாம் உனக்கு. நீ துணி வைக்கிற அலமாரி யார் வாங்கியது? அக்கா. நீ படுக்கிற கட்டில்? அக்கா. உன் புருஷன் அக்கா பார்த்துக் கட்டியவர். பிள்ளை அக்கா பெற்றது. எல்லாம் பழசுதான். அதற்கெல்லாம் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாயா? எல்லாவற்றையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டவளுக்கு இந்த ஒரு சீட்டு மட்டும் பலம் போதவில்லையாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அக்கா போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் நான்தான் அந்த வீட்டுக்குப் போவேன் என்று பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தான் எனக்கு வேண்டாம். அவர் குறட்டையை அக்கா மட்டும்தான் தாங்குவாள். இப்போது நீ தாங்கு. எனக்குப் பிள்ளைதான் வேண்டும். பிள்ளையை மட்டும் கொடுக்கிற வழி இல்லை என்பதால் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்த இடைவெளியில் நீ வந்து உட்கார்ந்தாய்.

அங்கே வா என்கிறாய். வந்து? நீ சட்டை மாட்டுவதற்கு அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். அதை நான் நின்று பார்க்க வேண்டும். என்னால் ஆகாது.

சித்தி


மார்ச் 25

வணக்கம்.

எல்லாம் பழசு என்று எழுதியிருந்ததைக் கடையில் வைத்துப் படித்தேன். இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, அவர் பார்த்துச் சொன்னார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிளகு காலையில் கண் விழித்ததும் ஒரு முகத்தைத் தேடுவாள். அது என் முகம் இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடி விழுந்து, அப்புறம் சரியாகும். தினமும் அந்த நொடிக்கு நான் தயாராகத்தான் அறைக்குள் போகிறேன். ஆனாலும் தினமும் வலிக்கிறது. அவள் தேடுவது அவளைப் பெற்றவரை அல்ல, அவருடைய முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. உங்களைத்தான். எனக்குப் பொறாமையே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அவள் அங்கே போனால் திரும்பி வர அழுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் முதல் கடிதம் எழுதினேன்.

அவரும் சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார். எனக்கு எல்லாமே தேதி பார்க்கிற மாத்திரை டப்பாதானாம். நீங்கள் இருவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருக்கட்டும். அந்தச் சீட்டில் அவளை உட்கார வைக்கமாட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

மிளகு வீட்டிலிருந்து


மார்ச் 28, வியாழக்கிழமை

இதை பஸ் டிரைவர் கையில் கொடுத்து, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போன் செய்தேன். உன் குரல் வந்ததும் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது பெரிது, எனக்கு வாய் வரவில்லை.

நாளைக் காலையில் நீ கடைக்குப் போனதும் அத்தான் மிளகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே வரப் போகிறார். அந்தச் சீட்டில்தான். செவ்வாய்க்கிழமை போன் செய்தார். "அவகிட்ட சொன்னா ஆயிரம் கேப்பா. நான் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் சொல்லிக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை வருகிறாள் என்பது பாதி சந்தோஷம்தான். மீதிப் பாதி, நீ கடையிலிருந்து வந்து காலி வீட்டைப் பார்ப்பாய் என்பது.

நேற்று காலையில் கூடத்தில் விரிப்பு மூட்டையைத் தூக்கினேன். பையின் நாடா கையோடு வந்துவிட்டது. மூட்டை காலில் விழுந்தது. இஸ்திரி போடும் அண்ணன் எட்டிப் பார்த்து, "பிளீச்சிங்ல கிடந்த நாடா எத்தனை நாளைக்குத் தாங்கும்? நீதானே எப்பவும் மாத்தித் தைப்பே, இந்த வாட்டி மறந்துட்டியா" என்றார். மாற்றித் தைப்பது நான்தான். நாடா செத்துப்போகும் என்று என் கைக்குத் தெரியும். பெல்ட்டும் நாடாதான் என்று என் புத்திக்குத் தோன்றவே இல்லை. உனக்கு வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்குத் தோன்றியது.

அப்போதும் உன்னை நம்ப மனசு வரவில்லை. கார் பழுது பார்க்கிற ஷெட்டில் போய் உடைந்த காரிலிருந்து ஒரு பெல்ட் கேட்டு வாங்கினேன். பாதியை வெட்டி, நான் செய்த மாதிரியே சோடா, பிளீச்சிங், சூட்டுப் பெட்டி எல்லாம் காட்டினேன். மீதிப் பாதியை அப்படியே வைத்தேன். இரண்டையும் கொக்கியில் மாட்டி, ஈர விரிப்பு மூட்டையைக் கட்டி, மேலே தூக்கித் தூக்கிப் போட்டோம், அண்ணனும் நானும். சும்மா இருந்த பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளுத்த பாதி முழுசாக அறுந்து விழவில்லை. ஓரத்து நூல் மட்டும் பட் பட் என்று விட்டது. அண்ணன், "அவ்வளவுதானே, பரவாயில்லையே" என்றார். அது மூட்டை. ஓடுகிற காரில் இருப்பது மிளகு. எனக்கு அந்தப் பட் பட் போதும்.

அத்தானிடம் இன்று காலையில் சொன்னேன், வர வேண்டாம் என்று. நம்பவில்லை. "அவ உன்னையும் பேசி மாத்திட்டாளா? மெதுவா ஓட்டறேன், விடு" என்கிறார். எதிரில் வருகிறவன் மெதுவாக வருவானா? அவருக்கு நான் சொன்னாலும் ஏறவில்லை, நீ சொன்னாலும் ஏறாது.

அதனால் இன்று ராத்திரிக்குள் கத்தரியை எடு. பெல்ட் ஐந்து இடத்தில் வருகிறது, ஐந்தையும் வெட்டு. தைத்து ஒட்டுகிற மாதிரி வெட்டாதே, துண்டு துண்டாக வெட்டு. வெட்டாமல் குப்பையில் வைத்தால் யாராவது எடுத்துப்போய் அவர்கள் பிள்ளையை உட்கார வைப்பார்கள். எங்கள் தையல்காரம்மா நல்ல சீட்டாகத்தான் கொடுத்தாள். அக்கா நல்ல சீட்டாகத்தான் வைத்திருந்தாள். கெடுத்தது நான். நீ வெட்டு.

நான் சொல்லித்தான் வெட்டினாய் என்று அத்தானிடம் சொல்லிக்கொள். எனக்காக நீ திட்டு வாங்க வேண்டாம். அந்தக் கடனும் உன்னிடம் எனக்கு வேண்டாம்.

சித்தி


மார்ச் 31

வணக்கம்.

வெட்டிவிட்டேன். டிரைவர் கடிதத்தைக் கொடுத்தபோது கடையில் கூட்டம். நின்றபடியே படித்துவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவ்வளவு விறைப்பாக இருந்ததால் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். கத்தரி சுலபமாகப் போயிற்று. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மிளகு பக்கத்தில் நின்று ஒவ்வொரு துண்டாக எடுத்து அவளுடைய பொம்மைக்குக் கட்டிவிட்டாள்.

அவர் பார்த்ததும் பெரிய சத்தம். செத்தவளுடைய பொருளை வெட்ட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார். நீங்கள் சொன்னதாக நான் சொல்லவில்லை. கடனுக்காக அல்ல. உங்கள் பெயரைச் சொன்னால் அவர் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பார். உங்களால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. என்னால் முடியும், எனக்கு உங்கள் அக்காவைத் தெரியாது அல்லவா. இன்று கொஞ்சம் பேசுகிறார். உப்பு கேட்டார்.

வெள்ளிக்கிழமை நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மிளகு வருவாள் என்று வாங்கி வைத்ததையெல்லாம் என்ன செய்தீர்கள்? கேட்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

மிளகு வீட்டிலிருந்து


ஏப்ரல் 3

வாங்கி வைத்ததை எல்லாம் இஸ்திரி அண்ணன் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவளும் முட்டையில் மஞ்சளை ஒதுக்குகிறாள்.

அத்தான் கேட்ட கேள்வியை நீ வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். படித்தபோது நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதையும் நீயே எடுத்துக்கொண்டாயே என்று. அப்புறம் வேலை செய்கிறபோது நடுவில், நீ சொல்லியிருந்தால் அவர் என்னிடம் அப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். விரிப்பை மடிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளும். அதிகமாக எதுவும் செய்து வைக்காதே, எனக்குத் தொண்டையில் இறங்காது. அத்தானை வீட்டிலேயே இருக்கச் சொல். சீட்டு விஷயத்தை அவர் முகத்துக்கு நேராக நானே சொல்கிறேன். உன் தலையில் அது இருக்க வேண்டாம்.

நான் இருக்கிற நேரத்தில் அவளை "ஏய்" என்று உன்னைக் கூப்பிட விடாதே. கேட்க நன்றாக இல்லை. அம்மா என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதே, அது எனக்குத் தாங்காது. வேறு ஏதாவது யோசி, நானும் யோசிக்கிறேன்.

மதியம் அவளுக்குத் தூக்கம் வரும். என் தோளில் போட்டுத் தட்டிப் பார்க்கிறேன். முதுகில் தட்டினால் தூங்கமாட்டாள், தொடையில் தட்ட வேண்டும். இத்தனை மாதத்தில் உன் தட்டு அவளுக்குப் பழகியிருக்கும். என்னிடம் தூங்காமல் நெளிந்தாள் என்றால், ஒன்றும் பேசாமல் வந்து வாங்கிக்கொள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். தூங்கிவிட்டாள் என்றால் மட்டும் சொல், திரும்புகிறேன்.

சித்தி